உடைந்த துளிகள்

நுண்துகள் பூசிய எண்ணெய்த் துளிகளை ஊசியால் அழுத்தி, உடையாமல் எவ்வளவு தாங்குகின்றன என்று அளப்பதுதான் ஆய்வகத்தில் அவள் வேலை.

அவள் தந்த அளவீட்டு அட்டவணையைப் பேராசிரியர் தூக்கிப் போட்டார். "எல்லாத் துளியும் இப்படித் தாங்குமா? உடைஞ்சதெல்லாம் எங்க?"

"ஊசி பட்டதுமே உடைஞ்சதை விட்டுட்டேன் சார்."

"நல்லா இருக்கே! தாங்கினதை மட்டும் எண்ணினா எல்லாம் உறுதியாத்தான் தெரியும். உடைஞ்சதையும் சேர்த்துட்டு வா."

மறுநாள், ஆய்வகத்தைப் பார்வையிட வந்த குழுவிடம் அவர் மார்தட்டினார். "எவ்வளவு வேலை வாங்கினாலும் என் ஆளுங்க முகம் சுளிச்சதில்லை. இங்க இருக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க."

ஆய்வக ஊழியர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஒரு தாளை நீட்டினாள்.

"திருத்திட்டியா?"

"ஆமா சார். உடைஞ்சதையும் சேர்த்திருக்கேன்."

பிரித்தார். மூன்று வருடத்தில் வேலையை விட்டுப் போன ஒன்பது பேரின் பெயர்கள். பத்தாவதாக, அவளுடையது.