முதலாளியை உள்ளே விடாத கதவு

ஆபத்தான ஆட்களை உள்ளே விடாத அந்தப் புதுக் கதவு, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனையே ஒரு நாள் காலையில் தடுத்துவிட்டது.

“இங்கே தீப்பிடித்தால் அதற்கு முதல் பொறுப்பு நீங்கள்தான். அனுமதி இல்லை” என்றது கதவு.

அவர் பாதுகாப்பு அதிகாரி ஜோதிமணியைப் போனில் பிடித்தார். “ஏனுங்கம்மா, என்ன கூத்து இது? இப்ப ஆர்டர் குடுக்கறவங்க வந்துருவாங்க!”

“அவசரப் படிக்கட்டுல பெட்டிய அடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேனுங்க சார்? அத எடுத்தாத்தான் கதவு திறக்கும். இங்க ஆளுங்க எல்லாம் வேலையில இருக்காங்க, நீங்கதான் எடுக்கணுங்க.”

வேறு வழியில்லாமல் பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். வெளிப்படிக்கட்டு நெடுக அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றாக இறக்கினார். மேல்மாடியில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னலில் கூடிச் சிரித்தார்கள். நெருப்புப் பிடித்தால் இவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கடைசிப் பெட்டியோடு, சட்டையெல்லாம் அழுக்காகி வியர்த்து நின்றபோது, ஆர்டர் கொடுக்க வந்த அம்மாள் எதிரே நின்றார்.

“உங்க முதலாளி எங்கப்பா?”

வெட்கத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது. “வெளியூர் போயிருக்காருங்க.”

அந்த அம்மாள் காலியான படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். “எந்தக் கம்பெனியிலயும் இந்த வழிய இப்படிக் காலியா நான் பார்த்ததில்ல. உங்க முதலாளி நல்ல மனுஷனோ?”

“நல்லவருதானுங்க” என்றார் சென்னியப்பன், பெட்டியை இறக்கி வைத்தபடி. “என்ன, சொன்னா கேக்க மாட்டாரு.”