மார்பளவு தண்ணீரில் ஒரு மோதிரம்

"கல்யாணமாகி நாலே மாசம் அண்ணே. அதுக்குள்ள மோதிரத்தை ஏரிக்குத் தாரை வாத்துட்டா என் வீட்டுக்காரி" என்றான் சொங்கோர். அழாத குறைதான்.

கொக்கு சிரித்தான். பாலதோன் ஏரியில் நாள் முழுக்க மார்பளவு தண்ணீரில் நின்று, உலோகம் தேடும் கருவியால் அடிமணலைத் துழாவுகிறவனுக்குக் கரையில் வைத்த பெயர் அது. ஐஸ்கிரீம் விற்பவனிலிருந்து படகு வாடகைக்கு விடுகிறவன் வரை எல்லோருக்கும் அவன் கொக்குதான். குளிக்கும்போது நகையைத் தொலைத்துவிட்டு யார் புலம்பினாலும் "கொக்கைப் போய்ப் பாருங்க" என்பார்கள். சொங்கோரும் அப்படி விசாரித்துத்தான் புடாபெஸ்ட்டிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தான்.

"எங்க விழுந்துச்சு? சரியாச் சொல்லு தம்பி. ஏரி எழுபது கிலோமீட்டருக்கு மேல இருக்கு."

"இந்த மரப்பாலத்துக்கும் அந்த மஞ்சள் மிதவைக்கும் நடுவுல. ஞாயித்துக்கிழமை மத்தியானம். தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, வலது கை விரல் சுருங்கி நழுவிடுச்சு."

"அன்னிக்குப் பாத்து நான் அக்கரையில வேலையா இருந்தேன். இல்லன்னா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேன்." கொக்கு ரப்பர் உடையின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "செப்டம்பர்ல கூட்டம் கிடையாது. யாரும் மிதிச்சு ஆழத்துல புதைச்சிருக்க மாட்டாங்க. கிடைச்சுடும்."

கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, "புதுசாக் கல்யாணமானவன்கிட்ட என்னத்த வாங்கறது? கிடைச்சா ஒரு பாட்டில் ஆப்ரிகாட் பாலிங்கா சாராயம் வாங்கிக் குடு, போதும்" என்றுவிட்டான். இளகிய மனசு அவனுக்கு. அது அவன் தலையெழுத்து.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. செய்கிறவனுக்குத்தான் இடுப்பு விட்டுப்போகும். தங்க மோதிரமும் பீர் டப்பாவின் திறப்பு வளையமும் காதில் ஒரே மாதிரிதான் கத்தும், அதனால் கத்துவதையெல்லாம் சல்லடைக் கரண்டியால் அள்ளிப் பார்த்தே தீரவேண்டும். மூன்று மணி நேரத்தில் பதினேழு வளையம், செல்லாத ஃபில்லேர் காசு இரண்டு, துருப்பிடித்த மாதா பதக்கம் ஒன்று. மோதிரத்தைக் காணோம்.

மத்தியானம் கொக்கு கரையேறிப் பொட்டலத்தைப் பிரித்தான். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, மேலே வெங்காய வட்டங்கள், மிளகாய்த்தூள். கொதித்த எண்ணெய் தெறித்ததென்று வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவன் சம்சாரம், அந்தக் கையோடேயே காலையில் செய்து கட்டிக் கொடுத்தது. பாதியை எடுத்து சொங்கோரிடம் நீட்டினான்.

"சாப்பிடு. பட்டினி கிடந்தா மோதிரம் மேல வந்துடுமா?"

சொங்கோர் கூச்சப்படாமல் வாங்கித் தின்றான். கொக்கு வாய்நிறைய ரொட்டியோடு பேசினான். "பொம்பளை மோதிரம், அப்ப உள்ள உன் பேரைத்தானே செதுக்கியிருக்கும்? புருஷன் மோதிரத்துல பொண்டாட்டி பேரு, பொண்டாட்டி மோதிரத்துல புருஷன் பேரு, கூடவே தேதி. அந்த வழக்கம் மட்டும் இல்லன்னா, எடுக்கறது யாரோடதுன்னு தெரியாம நான் திண்டாடியிருப்பேன்."

"ஆமா, ஆமா" என்று சொங்கோர் தண்ணீரைப் பார்த்தான்.

மறுபடி இறங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கரண்டியில் மணல் வடிந்ததும் மஞ்சளாக ஒன்று மின்னியது. "தம்பி, இங்க வா" என்று கொக்கு கையசைத்தான். சொங்கோர் காற்சட்டையோடேயே தண்ணீரில் இறங்கி ஓடி வந்தான்.

கொக்கு கட்டைவிரலால் சேற்றைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தான். இன்னொரு தடவையும் படித்தான்.

"உன் பேரு என்னன்னு சொன்னே?"

"சொங்கோர்."

"இதுல வெந்தெல்னு போட்டிருக்கு. தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தினது."

சொங்கோரின் முகம் வெளுத்துவிட்டது. கரையில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"உங்ககிட்ட இனிமே என்னத்த மறைக்கறது அண்ணே. அவ என் பொண்டாட்டி இல்ல. இந்த ஊர்க்காரி, இன்னொருத்தன் பொண்டாட்டி."

"எத்தனை நாளா?"

"போன வருஷக் கோடையிலேர்ந்து."

"புருஷன்காரன்?"

"அவன் பேச்சை அவ எடுக்கவே மாட்டா, நானும் கேக்கறதில்ல. சொன்னதெல்லாம் நம்பற அப்பாவியாம். ஆனாலும் எத்தனை நாளைக்கு ஏமாத்த முடியும்? வெறும் விரல் அவன் கண்ணுல பட்டா அவ கதை முடிஞ்சுது. நான் உங்களைத் தேடி வந்ததுகூட அவளுக்குத் தெரியாது, கொண்டுபோய்க் குடுத்து அசத்தலாம்னு இருக்கேன்."

கொக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தான். பொய்யை நம்பி, இடுப்பொடிய உழைத்து, சாப்பாட்டிலும் பாதி கொடுத்திருக்கிறான்.

"பொய் சொன்னது தப்புதான், மன்னிச்சுக்குங்க" என்று சொங்கோர் உள்ளங்கையை நீட்டினான். "ஒண்ணுக்கு ரெண்டு பாட்டிலா வாங்கித் தரேன். குடுங்க அண்ணே, அவ துடிச்சுக்கிட்டு இருப்பா."

கொக்கு மோதிரத்தைக் கழுத்தில் தொங்கிய பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்தான்.

"உனக்கெதுக்கு அந்தச் சிரமம்? வீட்டுக்குத்தானே போறேன், நானே அவ விரல்ல போட்டு விடறேன்."