ஞாயிறு மத்தியானம்

காலையில் டோரீனின் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்து கிளைடுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அவள் அவனுடைய சமையலறையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே ராணுவ முகாமில் லாரி ஓட்டியவர்கள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

ஒரு படிவத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

அந்த முகாமில் சார்ஜென்ட் தன்னைப் பலாத்காரம் செய்ததைச் சொல்லி, முன்னாள் ராணுவத்தினருக்கான உதவித்தொகை கேட்டிருந்தாள். மறுத்துவிட்டார்கள். அன்று அவள் புகார் கொடுக்கவில்லை. ஆகவே காகிதத்தில் எதுவும் நடக்கவில்லை. கூட இருந்தவர் யாராவது எழுதித் தந்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

“எனக்கு எழுதித் தர நீ ஒருத்தன்தான் இருக்க, கிளைட்.”

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி மார்லா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எழுதிக் குடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

வெளியே, அறுத்து முடிந்த சோளக்காட்டில் காற்று சுற்றிக்கொண்டிருந்தது.

கிளைட் எழுதினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வெறுங்காலோடு லாரிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். சட்டையில் பொத்தான்கள் இல்லை. தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். அதன்பிறகு அவள் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை. இரண்டே மாதத்தில் மாற்றல் கேட்டுப் போய்விட்டாள்.

எல்லாம் உண்மை. கையெழுத்தும் போட்டான்.

எட்டிப் பார்த்துப் படித்த மார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் இதை மனதிலேயே சுமந்துகொண்டிருந்தாயா என்று அவன் முதுகைத் தடவினாள்.

டோரீன் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் பேனாவை அவனிடமே உருட்டிவிட்டாள்.

“சாயங்காலத்துல இருந்துதான் எழுதியிருக்க. மத்தியானத்த விட்டுட்ட.”

கிளைட் பேனாவை மூடி வைத்தான்.

“டயர் கிடங்க வெளியில பூட்டறப்ப நீ இருமின. உள்ள எனக்குக் கேட்டுது.”

சார்ஜென்ட் சொல்லித்தான் பூட்டினான். அவர் உள்ளிருந்து தட்டும்வரை சாவி அவன் கையில்தான் இருந்தது. அவள் கத்தியது அவனுக்கும் கேட்டது.

முதுகில் மார்லாவின் கை அசையாமல் நின்றது.