தோழிக்கு ஒரே ஒரு வசனம்

ஒரே ஒரு மலையில் ஒரே ஒரு இளவரசி இருந்தாள். கிரீடம் அட்டையில் செய்தது. பட்டுப்பாவாடை கொழும்பிலிருந்து பெட்டியில் வந்தது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இளவரசியின் பெயர் லூசியா. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துப் பிள்ளை. பதுளையில் பத்தாம் வகுப்பு. மகள் இளவரசியாக இருந்த அந்த நேரத்தில், அம்மா மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

இளவரசிக்கு ஒரு தோழியும் இருந்தாள். ஜெனீரா. பதுளைப் புடைவைக்கடைக்காரரின் மகள். பள்ளிக்கூட நாடகங்களில் மூன்று வருஷமாக அவள்தான் இளவரசி.

நாட்டுக்கு டெலிவிஷன் வந்த புதிது. நாடகம் எடுக்க வந்த ஷுக்ரி சேர் இரண்டு பேரையும் அழச் சொல்லிப் பார்த்தார். லூசியாவுக்குக் கண்ணீர் வந்தது. ஜெனீராவுக்குச் சிரிப்பு வந்தது. கிரீடம் தலை மாறிவிட்டது.

அன்றிலிருந்து பேச்சில்லை. ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கு. நடுவில் மட்டும் இரண்டு புத்தகப் பை.

ஓடைக்கரையில் கடைசிக் காட்சி. பனி மலையுச்சியில் உட்கார்ந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பனி எறங்க முந்தி முடிக்கோணும்" என்றார் ஷுக்ரி சேர். "தோழி வந்து ஒரு வசனம். அதக் கேட்டு இளவரசி எழும்புறா, நாட்டுக்கு விடை சொல்லி அழுறா. அவ்வளவுதான்."

தோழியின் வசனம் நாலே சொல்: 'இளவரசி, ஆற்றங்கரை எல்லாம் பூத்திருக்கிறது.'

கெமரா ஓடியது.

"இளவரசி, ஆற்றங்கரை எல்லாம் காய்த்திருக்கிறது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னொருக்கா!"

"ஆற்றங்கரை, இளவரசி எல்லாம் பூத்திருக்கிறது."

மூன்றாம் தடவை தும்மினாள். நாலாம் தடவை பாவாடை முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கவே கால் மணி நேரம். ஐந்தாம் தடவை வாயே திறக்காமல் மேலே மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, வசனம் பாதையிலயா எழுதிக் கெடக்கு?"

"மறந்திட்டு சேர்."

"மூணு வருஷம் நடிச்ச புள்ளயாம்! நாலு சொல்லு வாயில நிக்கல்ல."

லூசியா பல்லைக் கடித்தாள். "எரிச்சல்லதானே இப்படிச் செய்ற?"

"எரிச்சல்தான். கிரீடம் கோணலா இரிக்கி, நேராப் போடு."

ஆறு. ஏழு.

ஷுக்ரி சேர் கொப்பியைத் திறந்து அவளுக்குக் காட்டினார். "அடுத்த நாடகத்துக்கு உன்னத்தான் கதாநாயகியா எழுதி வெச்சிரிக்கேன். இன்னொருக்கா பிழைச்சா, அல்லாஹ் மேல ஆணை, வெட்டிருவேன்."

ஜெனீரா கொப்பியைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள்.

"இளவரசி, ஆற்றங்கரை எல்லாம்... வேர்த்திருக்கிறது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேனா கொப்பியில் கோடு இழுத்த சத்தம் கேட்டது.

"பொறாம புடிச்ச புள்ள" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஒன்பதாம் தடவை, மேலே பாதையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இளவரசி, ஆற்றங்கரை எல்லாம் பூத்திருக்கிறது" என்றாள் ஜெனீரா. மணி அடித்த மாதிரி இருந்தது. லூசியா எழும்பினாள். விடை சொன்னாள். நிஜமாகவே அழுதாள். ஓடைகூடக் கொஞ்சம் மெதுவாக ஓடியதுபோல் இருந்தது.

கிரீடமும் பாவாடையும் பெட்டிக்குள் போயின. வேன் போய்விட்டது. வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்துவிட்டார்கள்.

"இப்ப சந்தோஷமா ஒனக்கு?" லூசியா பாய்ந்தாள். "என் காட்சியக் கெடுக்கத்தானே பாத்த?"

ஜெனீரா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

தேயிலைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து, முதுகில் வெறுங்கூடையுடன் ஒருத்தி கூச்சப்பட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏம்புள்ளையா அது? ராசாத்தி மாதிரியில்ல நின்ன!"

"அம்மா! கொழுந்து நிறுக்காம வர முடியாதுன்னீங்களே?"

"நிறுத்துப்புட்டுத்தான் ஓடியாறேன். லயத்துல கரண்டு இருக்கா, டீவியில பாக்க? இன்னைக்கு விட்டா எங்க பாக்குறது?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "காலையில இந்தப் புள்ளதான் வழியில நிப்பாட்டி, நிறுவை எத்தன மணிக்கு முடியும்னு கேட்டுச்சு. நாலு மணியாகும்னேன். 'மெதுவா வாங்க மாமி, அதுவரைக்கும் இளவரசிய நான் எழும்ப விடமாட்டேன்'னுச்சு."

லூசியா வேன் போன திசையைப் பார்த்தாள். ஓடிப் பிடிக்கிற தூரத்தில் அது இல்லை.

"ஜெனீரா..."

"ஒனக்காகன்னு நெனக்க வாணாம்" என்றாள் ஜெனீரா. "என்னத் தோக்கடிச்ச நடிப்பு. அத ஒங்க உம்மாவாவது பாக்கத் தேவல்லியா?"

பனி இறங்கத் தொடங்கியது. ஜெனீரா ஸ்டேஷன் பாதையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஆள் மறைந்த பிறகும் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது:

"இளவரசி, ஆற்றங்கரை எல்லாம் பூத்திருக்கிறது... இளவரசி, ஆற்றங்கரை எல்லாம் பூத்திருக்கிறது..."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை.