பெயர்ப் பிழை

கையில் காகிதத்தோடு வந்தவர் அந்தப் பேரை இரண்டாம் முறையும் படித்தார். வகுப்பில் ஒரு தலைகூட நிமிரவில்லை.

எப்படி நிமிரும்? எழுதியவன் பேரில் பாதியை விழுங்கியிருந்தான். படித்தவர் மீதியைக் கடித்துத் துப்பினார்.

டீச்சர் கரும்பலகை ஓரமாக, சாக்பீஸை இறுகப் பிடித்தபடி நின்றார். அது யார் பேர் என்று அவருக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணைத் தரையில் நட்டிருந்தார்.

இன்னொருவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். சீருடை கிடையாது, அதட்டல் கிடையாது. போன வாரம் பக்கத்து வகுப்புக்கும் இதே இருவர்தான் வந்தார்கள். சின்ன விசாரணைதான், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்று ஒரு அக்காவையும் தம்பியையும் கூட்டிப்போனார்கள்.

அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. அவர்களுடைய பைகள் இரண்டும் ஆணியில் தொங்குகின்றன.

வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னார் ஹெட்மாஸ்டர். டீச்சரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்.

இப்போது இருவரும் இந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள், ஏழு மொழிகள். ஒவ்வொருவரும் தன் பேரைத் தன் வீட்டு எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஹெட்மாஸ்டரோ ஊருக்குப் புதியவர், அவருக்கு எந்த முகமும் பிடிபடவில்லை.

வீட்டு எழுத்து டீச்சருடைய ஏற்பாடு. மற்றவர்களெல்லாம் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி கூப்பிட, இவர் ஒவ்வொரு அம்மாவையும் பள்ளி வாசலில் நிறுத்தி, பிள்ளையின் பேரைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்துகொள்வார். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பழகுவார். ஆசிரியர் அறையில் அவருக்குப் ‘பேர் டீச்சர்’ என்று பட்டப்பேர். நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு.

வகுப்புச் சுவரில் ஒரே ஒரு விதி. ‘என் பேரைத் தப்பாகச் சொன்னால் கை தூக்கித் திருத்துவேன்.’

யாராவது திருத்தினால் டீச்சர் மன்னிப்புக் கேட்டு, சரியாகச் சொல்லுவார். வகுப்பே கைதட்டும். கூச்சம் தெளியட்டும் என்று வேண்டுமென்றே தப்பாகக் கூப்பிட்டு அவர் பிள்ளைகளைச் சீண்டுவதும் உண்டு. முப்பது பேர் திருத்திவிட்டார்கள்.

மிச்சம் அந்த ஜன்னலோரத்துச் சிறுமி. மூக்குக்கண்ணாடியைத் துடைக்குமுன் ஹா என்று ஊதுவோமே, அப்படி ஒரு ஒலி அவள் பேரின் நடுவில் வரும். எப்படித் தப்பாகக் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரே ஒரு தடவை திருத்தேன் கண்ணு என்று டீச்சர் நேற்றுகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“நீங்களே படிங்க டீச்சர். இந்தப் பேரெல்லாம் உங்க வாய்லதான் சரியா வருமாமே, ஹெட்மாஸ்டர் சொன்னார்,” என்று வந்தவர் காகிதத்தை நீட்டினார்.

பேருக்கு எதிரே ஒரு வீட்டு எண் இருந்தது. அதில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தார்கள்; அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே நாலு தடவை சொல்லிக்கொடுத்த பேர் இன்னும் டீச்சர் ஃபோனில் இருக்கிறது.

சொந்தமாகப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு பேரைக் கொலை செய்யத் தெரியும். இன்றைக்குப் பிழையாகச் சொன்னால்தான் பிள்ளை பிழைக்கும்.

நடு ஒலியை விழுங்கினார். வாலில் ஓர் எழுத்தை ஒட்டவைத்தார். உரக்கச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை.

அப்படி யாரும் இல்லை என்று டீச்சர் தலையாட்டினார். வந்தவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, பேரை அடிப்பதற்குப் பேனா மூடியைக் கழற்றினார். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜன்னலோரம் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. பயத்தில் புதிதாக ஒரு தப்பு அவர் வாயில் வரவில்லை. வந்தது, ஆண்டு முழுக்க அந்தச் சிறுமியைச் சீண்டுவதற்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே பழைய தப்பு.

“டீச்சர், என் பேர் அப்படி இல்ல,” என்றாள் சிறுமி.

எழுந்து நின்றாள். நடுவில் வரும் ஒலியை ஒரு துளியும் சிந்தாமல் தன் பேரை முழுசாகச் சொன்னாள்.

சொல்லிவிட்டு டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதிப்படி இனி டீச்சர் அதைச் சரியாகச் சொல்லவேண்டும்.

முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பேசாமடந்தை பேசிவிட்டாளே! மேஜையைத் தட்டினார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு பெரிய கைதட்டல் அந்த வகுப்பில் யாருக்கும் கிடைத்ததில்லை.

வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவருக்கு அவசரமே இல்லை. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.