பூங்கோதையின் வீட்டுக்காரர்

பூங்கோதையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, மனைவிகளுக்காகக் காத்திருக்கும் ஆண்களோடு ஒரே பெஞ்சில், பூங்கோதையோடு வந்த அவளும் உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறை ஆமாம் என்று சொல்லிவிடு என்று பஸ்ஸில் பூங்கோதையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

போன முறை, வேறொரு ஆஸ்பத்திரியில், பூங்கோதை உண்மையைச் சொன்னாள்.

“கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“இல்லீங்க.”

அவ்வளவுதான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேன் கருவியை உள்ளே வைத்துப் பார்க்க மாட்டார்களாம். நாற்பது தாண்டியவளின் கற்பை ஓர் ஆஸ்பத்திரியே சேர்ந்து காப்பாற்றியது. வயிற்றின் மேல் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ரத்தம் நிற்கவேயில்லை.

மார்பில் வந்ததை வெட்டி எடுத்து, முடி கொட்டி, மறுபடி முளைத்து, தப்பித்துவிட்டோம் என்று இருவரும் பிரியாணி வாங்கித் தின்றவர்கள். அது திரும்பி வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடும்போது கருப்பையிலும் வரலாம், ரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள்.

உடனேதான் போனார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இன்று காலை அவள் பூங்கோதையின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். டாக்டர் நம்ப வேண்டுமே, அதற்காக. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்து, அக்கா தங்கை என்று ஊரை ஏமாற்றி, கடைசியில் ஒரு ஸ்கேனுக்காக நடந்த கல்யாணம்.

மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் இல்லை. அதையும் அவளே போட்டாள்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு பூங்கோதை அழுதாள்.

நர்ஸ் தலையை நீட்டினாள்.

“பூங்கோதை வீட்டுக்காரர் யாருங்க?”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்தாள்.

“நீங்க?”

“அக்காங்க.”

பழகிய பொய். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

“அவரு வரலீங்களா? டாக்டரம்மா அவருகிட்டத்தான் பேசோணுங்கறாங்க.”

“எங்கிட்டச் சொல்லுங்க. நாந்தான் பாத்துக்கறேன்.”

“இல்லீங்க்கா, பொம்பளைங்க தாங்க மாட்டீங்க. அவங்ககிட்டயே இன்னும் சொல்லல.” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமுங்க. சீக்கிரம் அவரை வரச் சொல்லுங்க.”

உள்ளே போய்விட்டாள்.

கதவை உதைத்து, நான்தான், நான்தான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வைத்தியமே பார்க்காமல் துரத்திவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. பூங்கோதை அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் படுத்திருக்கிறாள்.

அவள் பெஞ்சில் இருந்த ஆண்களைப் பார்த்தாள். எல்லோரையும் நர்ஸ் பார்த்துவிட்டாள்.

ஒருவர் பிளாஸ்க்கோடு படியேறி வந்தார். பூங்கோதையைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெள்ளைச் சட்டை. சாதுவான முகம்.

அவள் எழுந்து அவரிடம் போனாள்.

“ஏனுங்ண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் பூங்கோதை வீட்டுக்காரராட்டம் உள்ள போயிட்டு வர்றீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அவங்க சொல்றத மட்டும் கேட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க.”