இரண்டு பொட்டு

சாயப்பட்டறையில் பதினோரு வருடமாகக் கலந்த நிறங்களின் அளவுகளெல்லாம் அந்தப் பழைய சர்வரின் ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. காகிதத்தில் எதுவும் இல்லை. ஒரு வாரமாக அது டிக் டிக்கென்று சத்தம் போட்டது. ஒரு முறை நிறுத்தலாம், மறுமுறை நிறுத்தினால் எழாது என்று, கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த நவநீதனுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் இன்னொன்றிலும் பதிந்து வைக்க, அதே ரகத்தில் ஒரு டிஸ்க்கைத் தேடிக் கொண்டுவந்தான். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. பழையதன் நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம் இருந்ததால் வேறு அடையாளம் வைக்கவில்லை. அதைக் கழற்றிப் புதியதோடு மேசையில் வைத்துவிட்டு, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்த் தூசியை ஊதினான். பிறகு இரண்டையும் மேலும் கீழுமாகச் செருகி மின்சாரம் கொடுத்தான்.

மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா, எதை எதில் பதிய என்று திரை கேட்டது. மாற்றிச் சொன்னால் வெற்று டிஸ்க் பழையதைத் துடைத்துவிடும். குங்குமத்தைப் பார்க்கக் குனிந்தான். இரண்டிலும் இருந்தது.

"அக்கா, யாரு பொட்டு வெச்சது?"

"நான்தானுங்க தம்பி," என்றார் மேலாளர் மரகதம். "ரெண்டையும் துடைச்சுப் புதுசா வெச்சேன். வேலைக்கு வர்றது வெறும் நெத்தியோடவா வரும்?"

அவன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் அடங்கியது.

"ஏனுங்க, எது பழசு?"

நவநீதன் பெட்டியில் காதை வைத்தான். "மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்கக்கா."

பாதிச் சாயம் ஏறிய துணியோடு எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டறை அமைதியானதும் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மேலா, கீழா என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தான்.